இரண்டாவது எதற்கு?

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வடசேரியில் என் வீட்டுக்கு என் தங்கை மகன் வந்திருந்தான். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் எட்டிப்பார்க்கிற பையன், காரணமில்லாமல் வந்து உட்கார்ந்து காப்பியை ஆறவைத்துக்கொண்டிருந்தால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொள்ள நாவல் எழுதிப் பழகியிருக்க வேண்டியதில்லை.

“மாமா, ஒரு காரியம் கேக்கணும். ஏசப்பிடாது.”

“கேளுடே.”

“எனக்கு இன்னொரு கிட்டார் வாங்கணும்.”

“உள்ளதுக்கு என்ன ஆச்சு?”

“அதுக்கு ஒண்ணும் ஆகல்ல. நல்லாத்தான் இருக்கு.”

“நல்லாத்தான் இருக்குன்னா, பெறவு ரெண்டாவது எதுக்கு?”

அவன் பதில் சொல்லவில்லை. ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தான். நானும் பெரிய கேள்வியைக் கேட்டுவிட்டவன்போல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அந்தக் கேள்வி அவனைவிட்டு என்னைப் பிடித்துக்கொள்ளும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பையனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். வயது இருபத்துமூன்று. பகலில் ஒரு செல்போன் கடையில் வேலை. இரவில், அழைப்பு வந்தால், ஒரு மெல்லிசைக் குழுவில் மின்சாரக் கிட்டார் வாசிக்கிறான். எங்கள் நாஞ்சில் நாட்டில் அம்மன் கோயில் கொடைக்கும் ஆள் வேண்டும். மாதா கோயில் திருநாளுக்கும் ஆள் வேண்டும். இரண்டு மேடையிலும் ஒரே பையன்தான் ஒரே கிட்டாரோடு நிற்பான். அந்த ஒரே கிட்டாரை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவனுடைய தகப்பனார் வாங்கிக் கொடுத்தார். கலைந்துபோன ஒரு குழுவிடமிருந்து பழைய விலைக்கு வாங்கியது. என் மைத்துனருக்கு ரேடியோ, டெலிவிஷன் பழுது பார்ப்பது தொழில். பூதப்பாண்டியில் வீட்டின் முன்னறைதான் அவருக்குக் கடை. கிட்டாரின் உட்புறக் கம்பிகளையெல்லாம் கழற்றித் தம் கையாலேயே மறுபடி பற்றவைத்து, அதற்கென்று ஓர் ஆம்ப்ளிஃபயரும் செய்து கொடுத்தார். மூன்று வருஷம் மகன் வாசிப்பதைக் கேட்டார். பிறகு, ஆறு வருஷத்துக்கு முன்பு, காலமாகிவிட்டார்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் அன்று நான் பையனுக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். ‘உள்ளது போதும்’ என்பதைவிட இலேசான பிரசங்கம் வேறு கிடையாது. திருக்குறளில் அவாவறுத்தல் என்று ஓர் அதிகாரமே இருப்பதைச் சொன்னேன். அதோடு நிற்காமல், அவன் ஊர்க்காரரையே சாட்சிக்கு அழைத்தேன். 1907-இல் பூதப்பாண்டியில் பிறந்தவர் ஜீவா. முதலமைச்சராயிருந்த காமராஜர் அவருடைய குடிசைக்குப் போனபோது, இருந்த ஒரே வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டிருந்ததால் ஜீவா உடனே வெளியே வர முடியவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். “ரெண்டாவது வேட்டி இல்லாமலே ஒரு மனுஷர் வாழ்ந்திருக்காருடே!” என்றேன்.

பையன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அவன் படியிறங்கியதும் என் மனைவி உள்ளேயிருந்து வந்து, “ஜீவா கதையைச் சொன்னீங்களே, உங்க பெட்டியில எத்தனை வேட்டி இருக்கு தெரியுமா? பதினொண்ணு. நேத்துதான் மடிச்சு வச்சேன்” என்றாள்.

ஒரு மனிதன் தனக்கு விதித்துக்கொண்ட விரதத்தை எடுத்து இன்னொருவனுக்குத் தடையாகப் போடுவது மகா சுலபம். ஜீவா தம் வறுமையை யாருக்கும் உபதேசமாகச் செய்ததாக நான் படித்ததில்லை. அவரை வைத்து உபதேசம் செய்தவன் நான். என் மேஜையில் இரண்டு பேனாக்கள் கிடக்கின்றன. கதையை முதலில் எழுதும்போது பட்டை முள்ளுள்ள பேனா. அது தடையில்லாமல் ஓடும். எழுதியதைத் திருத்தும்போது ஊசி முள்ளுள்ள பேனா. வரிகளுக்கு இடையே நுழைய அதுதான் சரி. இந்த இரண்டில் எதையாவது ஒன்றைக் கொடுத்துவிடு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ‘இரண்டாவது பேனா எதற்கு?’ என்று என்னை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

அடுத்த வாரம் பூதப்பாண்டிக்குப் பஸ் ஏறினேன்.

பையன் எனக்கு விஷயத்தை விளக்கினான். எனக்குச் சங்கீதமும் தெரியாது, மின்சாரமும் தெரியாது. கல்லூரியை இரண்டு வருஷத்தோடு விட்டவன். ஆனாலும் அவன் சொன்னது புரிந்தது. மின்சாரக் கிட்டாரின் உயிர், தந்திகளுக்கு அடியில் பதித்திருக்கும் பிக்கப் என்ற சிறு உறுப்பில் இருக்கிறது. அது ஒரு காந்தம். அதைச் சுற்றி மயிரிழைபோன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். எஃகுத் தந்தி அதிரும்போது கம்பிச் சுருளில் ஒரு சிறு மின்னோட்டம் பிறக்கிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்கி ஒலியாக்குகிறது. இவனிடம் உள்ள கிட்டாரில் ஒவ்வொரு பிக்கப்பும் ஒற்றைச் சுருள். 1954-இல் அமெரிக்காவில் ஃபெண்டர் கம்பெனி வெளியிட்ட ஸ்ட்ராடோகாஸ்டர் என்ற கிட்டாரின் அச்சு அது. உலகம் முழுவதும் எத்தனையோ பேர் அந்த அச்சை நகலெடுத்திருக்கிறார்கள். அந்தக் கம்பெனியை நிறுவிய லியோ ஃபெண்டரும் ரேடியோ பழுது பார்த்தவர்தான்; அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாதாம். இதைச் சொல்லும்போது பையன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அவன் யாரை நினைத்துக்கொண்டான் என்று எனக்குத் தெரியும்.

ஒற்றைச் சுருளின் குரல் தெளிவானது. அதிகாலையில் வெண்கல மணியடித்தாற்போல் இருக்கும். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. சுற்றிலும் இருக்கிற மின்சாரக் கம்பிகளின் அதிர்வையும் அது சேர்த்து வாங்கிக்கொண்டு, ‘ம்ம்ம்’ என்று ஓயாமல் முனகும். கொடை மேடையில் சீரியல் விளக்கும் ஜெனரேட்டரும் நீளநீளமான வயர்களும் சேர்ந்துவிட்டால் முனகல் பாட்டையே அமுக்கிவிடும். கிப்ஸன் கம்பெனியில் இருந்த ஸெத் லவர் என்ற பொறியாளர் 1955-இல் இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு சுருள்களை அடுத்தடுத்து வைத்து, ஒன்றை மற்றதற்கு எதிராகச் சுற்றி, காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தார். அப்படி வைத்தால் வெளியிலிருந்து வருகிற முனகல் ஒன்றையொன்று அடித்துப் போய்விடுகிறது. தந்தியின் நாதம் மட்டும் கூடி நிற்கிறது. இதற்கு ஹம்பக்கர் என்று பெயர். 1957 முதல் லெஸ் பால் முதலிய கிட்டார்களில் இது வந்தது. இதன் குரல் கனமானது, உருண்டையானது. ஒற்றைச் சுருளின் வெண்கல மணி இதில் கிடையாது.

“இதுல அது வராது, அதுல இது வராது, மாமா. அதனாலதான் கேட்டேன்” என்றான் பையன்.

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் வேறொரு சிக்கல் இருந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் அவன் பார்த்துவைத்த கிட்டாரின் விலை 48,000 ரூபாய். கையிலிருந்தது 22,000. பழைய கிட்டாரைக் கொடுத்தால் 11,000 கழித்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். மீதியைத் தவணையில் கட்டலாம். தங்கை ஒரு சீட்டுப் பணம் எடுத்து வைத்திருந்தாள். அது வீட்டுக்கு ஓடு மாற்றுவதற்கு. இடவப்பாதி மழைக்கு முன்னால் மாற்றாவிட்டால் தெற்கு அறையில் படுக்க முடியாது.

தங்கையைக் கேட்டேன். அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டே, “நான் என்னத்தச் சொல்ல, அண்ணே? அவன் சம்பாதிச்ச காசு. அவனுக்கு எது வேணுமோ வாங்கட்டும்” என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது, நான் கேட்ட கேள்வியே தவறு என்று எனக்குத் தோன்றியது. ‘தேவையா, ஆசையா?’ என்றுதான் நாம் வழக்கமாகக் கேட்கிறோம். அது உதவாத கேள்வி. சோற்றுக்கும் துணிக்கும் அப்பால் போய்விட்டால் தேவைக்கும் ஆசைக்கும் நடுவில் வேலி கிடையாது. கிட்டாரே தேவையில்லை, பாட்டே தேவையில்லை, நான் எழுதுகிற கதைகளும் யாருக்கும் தேவையில்லை. இரண்டாவது ஒன்றை நாடுகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ‘முதலாவதை நீ என்ன செய்யப்போகிறாய்?’

இதற்கு மூன்று பதில்கள் உண்டு. கொடுத்து மாற்றலாம், அதையே திருத்தலாம், அதை வைத்துக்கொண்டு பக்கத்தில் இன்னொன்றைச் சேர்க்கலாம்.

திருத்துவது மட்டமான வழி என்று யாரும் நினைக்க வேண்டாம். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் அதைத்தான் செய்தார். மேற்கத்திய மாண்டலினில் இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள். அதில் நம் கமகங்கள் நிற்காது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவர் அதை மின்சார மாண்டலினாக்கி, ஐந்து ஒற்றைத் தந்திகள் கட்டி, கர்நாடக சங்கீதத்தை அதில் வாசித்துக் காட்டினார். பையனும் அப்படிச் செய்திருக்கலாம். பழைய கிட்டாரிலேயே ஒரு ஹம்பக்கரைப் பதிக்க நாகர்கோவிலில் ஆள் இருக்கிறது. செலவும் குறைவு. ஆனால் மரத்தைக் குடைய வேண்டும். உள்ளே பற்றவைத்திருப்பதையெல்லாம் பிரிக்க வேண்டும். “அது அப்பா வச்ச ஈயம், மாமா” என்று சொல்லி முடித்துவிட்டான். நான் வற்புறுத்தவில்லை.

கொடுத்து மாற்றுவதில் வேறோர் ஆபத்து இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் தித்ரோ என்ற பிரெஞ்சு எழுத்தாளர், தம் பழைய வீட்டங்கியைப் பிரிந்ததைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். புதிதாக ஒரு சிவப்பு அங்கி அவருக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு அறையைப் பார்த்தால், அதுவரை உறுத்தாத நாற்காலி உறுத்தியது. நாற்காலியை மாற்றினார், மேஜை உறுத்தியது. இப்படி ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் பழைய அறையும் இல்லை, அதில் இருந்த நிம்மதியும் இல்லை. ‘இதைவிட உயர்ந்தது’ என்று ஒரு பொருளை வாங்குகிறவனுக்கு இது நேராமல் இருக்காது. உயர்ந்தது வந்த மாத்திரத்தில் உள்ளது தாழ்ந்துபோகிறது. நேற்றுவரை ‘நல்லாத்தான்’ இருந்த பொருள், ஒரு குற்றமும் செய்யாமல் இன்று குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது.

சில சமயம் இந்த மாற்றம் ஒரு மனிதனோடு நிற்பதில்லை. நாகஸ்வரத்தில் திமிரி என்றும் பாரி என்றும் இரண்டு உண்டு. திமிரி குட்டையானது, சுருதி கூடியது. நாலு வீதிக்கும் கேட்கிற குரல். பாரி நீளமானது, சுருதி இறங்கியது, நிதானமான குரல். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பாரியைக் கையிலெடுத்தார். அந்த நாதத்தைக் கேட்டவர்களுக்கு மற்றதெல்லாம் கூச்சலாகப் பட்டிருக்க வேண்டும். கும்பகோணத்துப் பக்கம் நரசிங்கம்பேட்டையில் இன்றும் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறார்கள். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அங்கே போய்க் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பாரியைத்தான் கேட்கிறார்கள். திமிரி அரிதாகிவிட்டது. ராஜரத்தினம் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் இரண்டாவது வந்து முதலாவதை விழுங்கிவிட்ட கதைதான் அது. வீதிக்கு வீதி திமிரி கேட்ட காதுகள் இன்று இல்லை. அதனால் இழந்தோம் என்று சொல்லவும் யாரும் இல்லை.

மூன்றாவது வழி, சேர்ப்பது. இதற்கு உதாரணம் தேடி நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. மாசி மாதம் எங்கள் பக்கத்து ஊர்க் கோயிலில் ஒரு வில்லுப்பாட்டு. சிறு வயதிலிருந்து நூறு முறையாவது கேட்டிருப்பேன். அன்றுதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். நடுவில் நீண்ட வில். அதன் உடம்பில் வரிசையாக மணிகள். வீசுகோல் நாணில் விழுந்தால் அத்தனை மணியும் கலீரென்று சிரிக்கும். எல்லாம் மேல் ஸ்தாயி, எல்லாம் துள்ளல். இந்த வில்லுக்குத் துணையாக நம் முன்னோர்கள் எதை வைத்தார்கள்? இதைவிடப் பெரிய வில்லையா? கூடுதல் மணி கட்டிய வில்லையா? மண் குடத்தை வைத்தார்கள். வில்லை அதன் கழுத்தின்மேலேயே சாய்த்து வைத்தார்கள். குடத்தின் வாயில் மட்டை விழும்போது ‘தொம்’ என்று பூமிக்கு அடியிலிருந்து வருவதுபோல ஓர் ஒலி. வில்லுக்கு வராத ஒலி அது. குடத்துக்குச் சிரிக்கத் தெரியாது. வில்லுக்கு உறுமத் தெரியாது. குடம் வந்ததனால் வில் தாழ்ந்துவிடவில்லை. வில்லின் சிரிப்பு இன்னும் நன்றாகக் கேட்கிறது.

துணை என்ற சொல்லுக்கு அன்று எனக்குப் பொருள் விளங்கியது. முதலாவது எங்கே நின்றுவிடுகிறதோ அங்கே தொடங்குவது துணை. இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் முதலாவதின் எல்லை எது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த எல்லை கடையில் தெரியாது. வைத்து உழைத்தவன் கைக்குத்தான் தெரியும். முதலாவதை முழுசாக அறியாதவன் வாங்குகிற இரண்டாவது, இரண்டாவது அல்ல, இன்னொரு முதலாவதுதான்.

இதைப் பையனிடம் சொன்னேன். பிரசங்கமாகச் சொல்லவில்லை, ஒரு வேலையாகச் சொன்னேன். “பங்குனி, சித்திரை, வைகாசி மூணு மாசமும் கச்சேரி இருக்கும்லா? ஒரு நோட்டு போடு. ஒவ்வொரு கச்சேரியிலயும் நீ நினைச்சது வராமப் போன இடத்தை எழுது. அது கிட்டாராலயா, உன் விரலாலயா, அதையும் எழுது. பொய் எழுதாதே. நான் கேக்கமாட்டேன், நீயே பாத்துக்கோ.”

“அதுக்குள்ள அந்தக் கிட்டார் வித்துப்போகும், மாமா.”

“போகட்டும். கிட்டார் செய்யுகதை நிறுத்திப்போட்டானா?”

அரைமனதோடு சம்மதித்தான். சீட்டுப் பணத்தில் ஓடு மாற்றினார்கள். இடவப்பாதி பிடித்துக்கொண்டபோது தெற்கு அறை நனையவில்லை.

ஆனி மாதத்தில் நோட்டைக் கொண்டுவந்தான். கேட்கமாட்டேன் என்று சொல்லியிருந்தும் அவனாகவே காட்டினான். பத்தொன்பது கச்சேரி, முப்பத்தொரு குறிப்பு. அவற்றில் இருபதுக்கு எதிரே ‘விரல்’ என்று எழுதியிருந்தான். எட்டுக்கு ‘கிட்டார்’. மூன்றுக்கு ‘தெரியவில்லை’.

அந்த நோட்டைப் பார்த்து எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. இருபது வருஷமாக எழுதுகிறேன். சரியாக வராத கதைகளுக்கெல்லாம் பத்திரிகையின் பக்க அளவு, பக்கத்து வீட்டு ஒலிபெருக்கி, வெயில் என்று காரணம் வைத்திருக்கிறேன். ‘விரல்’ என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன்? அதிலும் ‘தெரியவில்லை’ என்று மூன்று குறிப்பு எழுதியிருந்தானே, அந்த நேர்மை எனக்கு வராது. தெரியாததையெல்லாம் பிறர் கணக்கில் எழுதுவதுதான் என் வழக்கம்.

“இருபதுக்கு என்ன செய்யப்போறே?”

“சாதகம் பண்ணணும். வேற என்ன?”

“எட்டுக்கு?”

எட்டில் ஐந்து, முனகல். இரண்டு, கனமான நாதம் நீண்டு நிற்க வேண்டிய இடத்தில் இது மெலிந்துபோனது. ஒன்று, நடுக் கச்சேரியில் தந்தி அறுந்து, மாற்றுக் கிட்டார் இல்லாமல் ஒரு முழுப் பாட்டுக்கும் அவன் சும்மா நின்றது. இந்த எட்டும் உண்மையான எல்லைகள். இனி அவன் வாங்கலாம் என்று எனக்குத் தோன்றியது. எதை வாங்க வேண்டும் என்பதையும் அந்த எட்டுமே சொல்லிவிட்டன. ஹம்பக்கர் உள்ளது வேண்டும். கனமான குரல் வேண்டும். பளபளப்பும் பெயரும் எந்தக் குறிப்பிலும் இல்லை. ஆகவே 48,000 ரூபாய்க்கு அவசியமில்லை. இன்னொரு விஷயத்தையும் அவனே சொன்னான். ஃபெண்டர் அச்சில் தந்தியின் நீளம் இருபத்தைந்தரை அங்குலம்; கிப்ஸன் அச்சில் ஏறக்குறைய இருபத்துநாலே முக்கால். முக்கால் அங்குலம்தான் வித்தியாசம். ஆனாலும் தந்தியின் விறைப்பு தளர்ந்து, கட்டைகள் நெருங்கிவந்து, விரல் ஒரு நூல் தவறி விழும். குரல் வேறாக இருக்க வேண்டும், கைக்கு மட்டும் அந்நியமாகக் கூடாது. எனவே வாங்குமுன் ஒரு மணி நேரமாவது, அப்பா செய்த ஆம்ப்ளிஃபயரிலேயே, வாசித்துப் பார்க்க வேண்டும் என்றான். இதைவிட நல்ல யோசனையை நான் சொல்லியிருக்க முடியாது.

அன்றைக்கு அடுக்களையில் தங்கையிடம் சொன்னேன்: “பழசைக் கொடுக்கல்ல. அது வீட்டிலதான் இருக்கும்.”

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “ராத்திரி அவன் அதுல வயரைக் குத்தினதும் ஒரு சத்தம் கேக்கும்லா, ம்முனு? அவரு முன்னறையில ரேடியோவைத் திறந்து போட்டுட்டு இருக்கும்போ அப்படித்தான் கேட்டுக்கிட்டே கெடக்கும். அது கேட்டாத்தான் எனக்கு உறக்கம் வரும், அண்ணே. புதுசுல அந்தச் சத்தம் வராதுன்னு அவன் சந்தோஷமாச் சொன்னான். நான் எப்படி வேண்டாம்னு சொல்ல?” என்றாள்.

மூன்று மாதத்துக் கணக்கில் இது வரவில்லை. எந்தக் குறையைப் போக்க அவன் இரண்டாவதைத் தேடினானோ, அந்தக் குறைதான் இவளுக்கு வீட்டில் மிஞ்சியிருந்த குரல். ஸெத் லவர் அழித்துக் காட்டிய அதே முனகல்! ஒரு பொருளின் எல்லை எது, குறை எது என்பதை அதைக் கையாளுகிறவன் மட்டும் தீர்மானித்துவிட முடியாது என்று நான் தெரிந்துகொண்டது அந்த அடுக்களையில்தான். அதைப் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கொடுத்து மாற்றியிருந்தால் அவள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கமாட்டாள். உறக்கம் வராமல் கிடந்திருப்பாள், அவ்வளவுதான்.

ஆடி மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு பையன் கிட்டார் விற்கிறான் என்று தகவல் வந்தது. நானும் கூடப் போனேன். ஆம்ப்ளிஃபயரையும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். நல்ல கருவி, ஹம்பக்கர் இரண்டு, கழுத்தில் சிறு தேய்மானம். விலை 26,000. என் தங்கை மகன் ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்தான். முனகல் இல்லை. குரல் குடம்போல உருண்டு வந்தது. விற்கிறவன் வாசலில் நின்று வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வளைகுடாவில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் பயணம். விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் வாங்கிய கடன் இருக்கிறது. பிளஸ் டூ முடித்ததும் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் வாங்கிய கிட்டார் அது. வேறு கிட்டார் இல்லை.

பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டான். பிறகு தோளில் மாட்டுகிற வாரை மட்டும் மெதுவாகக் கழற்றிச் சுருட்டித் தன் கையில் வைத்துக்கொண்டான்.

“இது மட்டும் இருக்கட்டும்ணே. வேற வார் கடையில கெடைக்கும்” என்றான்.

திரும்பிவரும்போது நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. என் தங்கை மகன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் கையை விரித்து வைத்திருந்தான். மாற்றாமல் சேர்த்தோம், முதலாவதுக்குத் துரோகம் செய்யவில்லை என்று எனக்கு இருந்த திருப்தி, தக்கலை வருவதற்குள் பாதியாகிவிட்டது. எங்களுக்கு இது இரண்டாவது. அவனுக்கு இதுதான் முதலாவது. மிஞ்சியது ஒரு வார். நாங்கள் வாங்காவிட்டால் வேறு யாராவது வாங்கியிருப்பார்கள்; அவன் கடனும் அடைபட வேண்டும்; விலையிலும் நாங்கள் அநியாயம் செய்யவில்லை. இதெல்லாம் சரிதான். ஆனாலும் ‘உனக்கு ஒன்று கூடும்போது அது எங்கிருந்து குறைகிறது என்று பார்த்தாயா?’ என்று ஒரு கேள்வி இருக்கிறதே, அதை நான் அந்த நோட்டில் எழுதச் சொல்லவில்லை. என் வேட்டிப் பெட்டியைத் திறக்கும்போதும் நான் அதைக் கேட்டுக்கொண்டதில்லை. ஜீவா கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

பூதப்பாண்டி வீட்டில் இப்போது இரண்டு கிட்டார்களும் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. கச்சேரிக்கு இரண்டும் போகின்றன. இரவில் சாதகம் பண்ணுவதற்கு அவன் பழையதைத்தான் எடுக்கிறான். அம்மா சொல்லி எடுக்கிறானா, விரலுக்கு அதுதான் பழக்கமா என்று நான் கேட்கவில்லை. புதியதற்கு இன்னும் வார் வாங்கவில்லை. பழையதின் வாரையே மாற்றி மாற்றி மாட்டிக்கொள்கிறான். நூற்றைம்பது ரூபாய் பொருள்; வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

“அவன் லீவுல வரும்போ ஒரு தடவை வாசிக்கக் கேப்பான், மாமா. அந்த வாரோட வரட்டும்னு விட்டிருக்கேன்” என்றான்.